ஆட்ட நாளில் ஆம்புலன்ஸ் வேண்டாம்

டுலூத், மினசோட்டா
நவம்பர் 4, 2018

கர்ட்டிஸ்,

இன்று உன் எண்ணை என் தொலைபேசியில் தடுத்துவிட்டேன். தினமும் கூப்பிடுகிறாய். “வெஸ் எப்படி இருக்கான்?” என்று கேட்கிறாய். நான் சொல்லத் தொடங்கினால் உடைந்துபோகிறாய். பிறகு நான் உன்னைத் தேற்ற வேண்டியிருக்கிறது. அதற்கு எனக்கு இப்போது தெம்பு கிடையாது. சொல்ல ஏதாவது இருந்தால் தாளில் எழுது. தாளில் நீ குறுக்கே பேச முடியாது.

வெஸ்லியைப் புதன்கிழமை உங்கள் ஊர் மருத்துவமனையிலிருந்து இங்கே மாற்றினோம். கண் திறந்திருக்கிறது. என்னைத் தெரிகிறது. கரண்டியைப் பிடிக்கிறான், ஆனால் அது கன்னத்துக்குப் போகிறது. பேச உதடு கூடுகிறது, சத்தம் வருவதில்லை. மூளைக்கு மூச்சுக் காற்று போகாமல் எவ்வளவு நேரம் கிடந்தான் என்று சொல்ல முடியவில்லை என்கிறார்கள். பழைய மாதிரி ஆவானா என்று கேட்டேன். “நிறைய முன்னேற்றம் வரும்” என்றார் மருத்துவர். நான் கேட்டது அது இல்லை.

நீல் கப்பலுக்குத் திரும்பிவிட்டான். ஏரி உறையும்வரை தாதுக்கப்பல்கள் நிற்காது. எங்கள் மருத்துவக் காப்பீடு அவன் வேலையோடு ஒட்டியது. மகன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார அவனுக்கு வழி இல்லை.

காவல்துறை உங்கள் மாணவர் சங்கத்துப் பையன்கள் சேர்ந்து தங்கும் வீட்டில் பதினான்கு பேரை விசாரித்தது. எல்லோரும் ஒரே வார்த்தைகளைச் சொல்லியிருக்கிறார்கள்: “களைப்பா இருக்குன்னு படுத்தான், தூங்குறான்னு நினைச்சோம்.” பதினான்கு பேர் ஒரு சம்பவத்தைப் பார்த்தால் பதினான்கு விதமாகச் சொல்வார்கள். ஒரே மாதிரி சொன்னால் யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

எனக்கு உறுதியாகத் தெரிந்தது இவ்வளவுதான். பழைய மாணவர்கள் வரும் அந்தக் கால்பந்தாட்டத்தன்று காலையில், சங்கத்தின் மூத்த மாணவன் ஒவ்வொருவனும் தன் பொறுப்பில் விட்ட புதுப் பையன் கையில் ஒரு பாட்டில் விஸ்கியைக் கொடுக்கிறான். மைதானத்துக்குக் கிளம்புமுன் அது காலியாக வேண்டும். வெஸ்லிக்குக் கொடுத்தவன் பெயர் டாசன் கீல். வெஸ்லி சுருண்டு விழுந்தான். மேல் மாடி அறையில் போட்டுவிட்டு எல்லோரும் ஆட்டம் பார்க்கப் போனார்கள். பாதி ஆட்டத்தில் மழை வந்தது. மழைச்சட்டை எடுக்கத் திரும்பியவர்கள் அவன் நீலம் பூத்துக் கிடப்பதைப் பார்த்தார்கள். மழை வந்திருக்காவிட்டால் நான் இப்போது கல்லறைக்கு இடம் பார்த்துக்கொண்டிருப்பேன். இரண்டு தோள்களிலும் பட்டையாகச் சிவந்த தடம் இருந்தது. அது என்னவென்று யாருக்கும் தெரியவில்லை.

அந்தச் சங்கம் வேண்டாம் என்று நான் சொன்னபோது, “என் கண்ணு முன்னாடிதானே இருப்பான், நான் பாத்துக்கறேன் நோரின்” என்றாய். நீ அந்தச் சங்கத்தின் ஆலோசகர். அன்றைக்குப் பழைய மாணவர்களுக்கு விருந்து வைக்க நீ போட்ட கூடாரம் அந்த வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது.

ஒன்றே ஒன்றுக்குப் பதில் சொல். அவன் விழுந்தபோதே ஏன் யாரும் ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை?

நோரின்


வெல்பர்ன், அயோவா
நவம்பர் 9, 2018

அன்புள்ள நோரின்,

உன் கோபம் நியாயமானது. உன் இடத்தில் இருந்தால் நான் இன்னும் மோசமாக எழுதியிருப்பேன். எங்கள் தேவாலயத்தில் ஒவ்வொரு ஞாயிறும் வெஸ் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறார்கள். போன வாரம் ஒரு பண்ணையில் கன்று ஈனவைக்கப் போனேன். பாதியில் இன்னொருவரைக் கூப்பிட வேண்டியிருந்தது. இந்த இருபத்தைந்து வருடத்தில் அப்படி நடந்ததில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்குப் பிறகு அந்தப் பையன்களில் ஒருவனிடம்கூட நான் ஒரு வார்த்தை பேசவில்லை. சங்கத்தின் வழக்கறிஞர் அப்படிக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். உனக்கு எழுதுவதுகூட அவருக்குத் தெரியாது. ஆகவே உன் கேள்விக்கு என்னால் முழுப் பதில் தர முடியாது.

ஆனால் ஒரு தாயாக நீ ஆறுதல் அடைய ஒரு விஷயம் இருக்கிறது. நீ நினைப்பதுபோல அவனை மூட்டை மாதிரிப் போட்டுவிட்டுப் போகவில்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்தார்கள். கனமான புத்தகங்களை நிறைத்து ஒரு பையை முதுகில் மாட்டி, நெஞ்சுக்குக் குறுக்கே பட்டையை இறுக்கினார்கள். மல்லாந்து புரண்டால் வாந்தி மூச்சுக்குழாயில் போய்விடும். பை இருந்தால் புரள முடியாது. எங்கள் காலத்திலிருந்தே அந்த வீட்டில் இருக்கும் வழக்கம் இது. என்னை எத்தனை முறை அப்படிக் கட்டிப் படுக்கவைத்திருக்கிறார்கள் தெரியுமா? காலையில் எழுந்து, பையைக் கட்டியவன் யார் என்று தேடிப் போய்க் கட்டிப்பிடிப்போம். ஒருவனுக்காக இன்னொருவன் அப்படி அக்கறை எடுத்துக்கொண்டதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பாட்டில் விஷயத்தில் நீ சொல்வது சரி. டாசன் பொறுப்பில்லாமல் நடந்துகொண்டான். அரசு வழக்கறிஞர் அவன்மேல் வழக்குப் போடப்போகிறார் என்று கேள்விப்பட்டேன். போடட்டும். தன் செயலுக்குத் தானே பதில் சொல்லக் கற்கவேண்டிய வயதுதான்.

நன்றி கூறும் நாள் விருந்துக்கு நான் அங்கே வரட்டுமா? வான்கோழியை நான் கொண்டுவருகிறேன்.

உன் தம்பி,
கர்ட்டிஸ்


டுலூத்
நவம்பர் 14, 2018

கர்ட்டிஸ்,

உன் கடிதத்தை மருத்துவரிடம் படித்துக் காட்டினேன். பையைப் பற்றிய பகுதியை மட்டும். அவர் இரண்டாம் முறை படிக்கச் சொன்னார். தோளில் இருந்த தடம் அந்தப் பையின் பட்டை. வெஸ்லி மல்லாந்து புரளவில்லை, கவிழ்ந்தான். முகம் தலையணையில், முதுகில் ஒரு மூட்டை புத்தகம். நல்ல நினைவோடு இருப்பவனே அந்தக் கனத்தோடு எழுந்து திரும்பக் கஷ்டப்படுவான். வாந்தி வந்தபோது அவனால் தலையைக்கூடத் திருப்ப முடிந்திருக்காது.

உங்கள் அக்கறை இதுதான். என் மகனின் மூச்சை அடக்கியது அந்தப் பை.

இப்போது அடுத்தது. காவல்துறை அறிக்கையில் பை என்ற சொல்லே இல்லை. விசாரணை செய்கிறவரை நானே கூப்பிட்டுக் கேட்டேன். ஆம்புலன்ஸ் வருமுன் பையன்கள் அதைக் கழற்றி ஒளித்திருக்கிறார்கள். பதினான்கு பேரில் ஒருவனும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. நான் சொல்லித்தான் அவருக்கே தெரிந்தது.

அன்றைக்குப் பிறகு அவர்களில் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். அதற்கு அடுத்த பத்தியில் புத்தகங்கள் கனமானவை என்றும் பட்டையை இறுக்கினார்கள் என்றும் எழுதியிருக்கிறாய்.

உனக்கு எப்படித் தெரியும்?

வான்கோழி வேண்டாம்.

நோரின்


வெல்பர்ன்
நவம்பர் 20, 2018

நோரின்,

நீ என் அக்காவா, அரசு வழக்கறிஞரா? ஆறுதலாக எழுதிய கடிதத்தைக் கொண்டுபோய்க் காவல்துறையிடம் ஒப்பிக்கிறாய். வழக்கறிஞர் இன்று என்னை ஒரு மணி நேரம் நாற்காலியில் உட்காரவைத்துத் திட்டினார்.

இது சின்ன ஊர். பெட்ரோல் போடப் போனால் ஒருவர் ஏதோ சொல்கிறார், கடையில் இன்னொருவர் ஏதோ சொல்கிறார். யார் சொன்னது என்று எனக்கு நினைவில்லை. அந்தப் பை எங்கள் சங்க வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம், நான் ஊகித்தும் எழுதியிருக்கலாம்.

அன்று என் கைபேசிக்கு டாசன் ஒரு முறை கூப்பிட்டது பதிவில் இருக்கிறது. காவல்துறை அதைப் பற்றிக் கேட்டது. கூடாரம் எந்தப் பக்கம் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டான் என்று சொன்னேன். அவனும் அதையேதான் சொன்னான். விஷயம் அத்தோடு முடிந்தது. நீ கேட்குமுன் நானே சொல்லிவிடுகிறேன்.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் விடிய விடிய உன் கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். அதை மறந்துவிடாதே.

கர்ட்டிஸ்


டுலூத்
டிசம்பர் 2, 2018

கர்ட்டிஸ்,

இன்று மதியம் டாசன் கீல் என் வீட்டு வாசலுக்கு வந்தான்.

நான் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தேன். ஒரு பழைய கார் தெருமுனையில் வந்து நின்று, வெகுநேரம் அப்படியே நின்றது. பிறகு ஒரு பையன் இறங்கி வந்தான். கையுறைகூட இல்லை. அயோவாவிலிருந்து ஏழு மணி நேரம் ஓட்டி வந்திருக்கிறான்.

“மிசஸ் ஹாலன், நான் டாசன்.”

“தெரியுது. உன் போட்டோவைத்தான் தினமும் பாக்கறேன். இங்க என்ன வேலை?”

“ஒண்ணு சொல்லணும். உள்ள கூப்பிட வேணாம்.”

“கூப்பிடற எண்ணம் இல்ல. சொல்லு.”

அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஒரு சொல் தப்பாக இருந்தால் திருத்து.

“வெஸ் விழுந்ததும் ஒரு மாதிரி குறட்டைச் சத்தம் வந்துச்சு மேடம். எழுப்பினா எழுந்திரிக்கல. எனக்குப் பயமாயிருச்சு. 911-க்குப் போட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம்னு போனை எடுத்தேன். எங்க சங்கத் தலைவன் கையைப் பிடிச்சுட்டான். எது நடந்தாலும் முதல்ல டாக்டரைத்தான் கூப்பிடணும், அதான் வீட்டு ரூல்னு சொன்னான்.”

“எந்த டாக்டர்?”

“உங்க தம்பி. நாங்க அவரை அப்படித்தான் கூப்பிடுவோம்.”

“அவன் மாட்டு டாக்டர்.”

“ஆமா மேடம்.”

“என்ன சொன்னான்?”

“மூச்சு விடறானான்னு கேட்டார். விடறான்னேன். ‘அப்ப பையைக் கட்டு. கனமான புக்கா போடு, பட்டையை நல்லா இறுக்கு. ஆட்ட நாள்ல ஆம்புலன்ஸ் வேணாம்டா. ஏற்கெனவே நம்ம மேல ஒரு கண்ணு இருக்கு, இன்னொரு தடவை வந்தா வீட்டை மூடிருவாங்க’ன்னார். பின்னாடி பேண்டு வாத்தியம் கேட்டுச்சு. வெச்சிட்டார்.”

“நீ அவன் பக்கத்துல இருந்திருக்கலாமே.”

“இருந்திருக்கலாம்.”

“ஏன் இருக்கல?”

“டிக்கெட் இருந்துச்சு மேடம்” என்றான்.

மண்வாரி என் கையில் இருந்தது. அதைக் கீழே போட்டுவிட்டுத்தான் அவனிடம் மேற்கொண்டு பேசினேன். இதைக் காவல்துறையிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். எல்லோருக்கும் சேர்த்து ஒரே வழக்கறிஞராம், வாய் திறந்தால் தனியாக நிற்பாய் என்றாராம். கூடாரம் பற்றிய கதையும் அவர் கொடுத்ததுதானாம். இப்போது வழக்கு இவன் ஒருவன் மேல்தான் வருகிறது. வாயை மூடிக்கொண்டும் தனியாகத்தான் நிற்கிறான்.

அவன் குற்றமற்றவன் என்று நான் சொல்லவில்லை. பாட்டிலைக் கொடுத்தவன் அவன். ஆனால் அந்த வீட்டில் யாரையாவது கூப்பிட வேண்டும் என்று தோன்றியது அவனுக்கு மட்டும்தான். அவன் கூப்பிட்டது உன்னை.

மயக்க மருந்து கொடுத்த நாய் எச்சில் விழுங்கும்வரை அதன் பக்கத்தைவிட்டு எழக்கூடாது என்று, எங்கள் வீட்டு நாய்க்கு அறுவை செய்தபோது எனக்குச் சொன்னவன் நீ. ஒரு நாயிடம் காட்டிய கவனம் அது. நீ இரண்டு தெரு நடந்து வந்து பார்க்கவில்லை. பிறகு மருத்துவமனையில் என் கோட்டைப் பிடித்துக்கொண்டு, “எப்படி நடந்துச்சுன்னே புரியல” என்றாய்.

திருத்த ஏதாவது இருக்கிறதா?

நோரின்


வெல்பர்ன்
டிசம்பர் 9, 2018

நோரின்,

திருத்த எதுவும் இல்லை.

ஒரு வாரமாக இதை எழுதப் பார்க்கிறேன். டாசன் சொன்னது நடந்தது. “டா” போட்டேனா என்று நினைவில்லை. மற்றதெல்லாம் சரி.

உனக்குப் புரியவேண்டும் என்று சிலவற்றைச் சொல்கிறேன். அந்த வீட்டைப் பத்து வருடம் முன்பு பல்கலைக்கழகம் மூடியது. திரும்பத் திறக்க வைத்தது நான். ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கினேன். போன வசந்தத்தில் ஒரு பையன் படியிலிருந்து விழுந்து ஆம்புலன்ஸ் வந்தது. அதற்குப் பிறகு எங்களைக் கண்காணிப்பில் வைத்தார்கள். மறுபடி ஏதாவது நடந்தால் உரிமம் போய்விடும். அன்று மைதானத்துக்கு வெளியே இருபது வருடத்துப் பழைய மாணவர்கள் என் கூடாரத்தில் நின்று தொத்திறைச்சி தின்றுகொண்டிருந்தார்கள். “நீ இல்லன்னா இந்த வீடே இல்ல கர்ட்” என்று ஒருவர் தோளில் தட்டிய நேரத்தில் கைபேசி அடித்தது.

மூச்சு விடுகிறான் என்று சொன்னான். வருடத்துக்குப் பத்துப் பேர் அப்படி விழுவார்கள். எல்லோரும் மறுநாள் எழுந்து முட்டை கேட்பார்கள்.

இன்னொன்றையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். பதற்றத்தில் டாசன் விழுந்தவன் பெயரைச் சொல்லவில்லை. “ஒரு புதுப் பையன்” என்றான். நான் எந்தப் பையன் என்று கேட்கவில்லை. கடவுள் சாட்சியாகச் சொல்கிறேன், அது வெஸ் என்று தெரிந்திருந்தால் அந்த நொடியே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருப்பேன். ஓடியே வந்திருப்பேன். உன் மகனை நான் அப்படி விட்டிருக்கமாட்டேன், அதை மட்டுமாவது நம்பு.

ஜனவரி பதினேழாம் தேதி பல்கலைக்கழகத்தில் விசாரணை. அது முடிந்ததும் சத்தமில்லாமல் பொறுப்பிலிருந்து விலகிவிடுகிறேன். வெஸ்ஸுக்கு என்ன வேண்டுமோ காலம் முழுக்கச் செய்கிறேன். டாசனுக்கு முதல் குற்றம் என்பதால் பெரிய தண்டனை வராது என்கிறார் வழக்கறிஞர். இது நமக்குள் இருக்கட்டும். நமக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

படித்ததும் கிழித்துவிடு.

கர்ட்டிஸ்


டுலூத்
டிசம்பர் 13, 2018

கர்ட்டிஸ்,

நீ பொய் சொன்னாய் என்று தெரிந்த நாளில்கூட எனக்கு இவ்வளவு கோபம் வரவில்லை. வெஸ் என்று தெரிந்திருந்தால் கூப்பிட்டிருப்பேன் என்கிறாய். அதை எனக்கு ஆறுதல் என்று எழுதி அனுப்பியிருக்கிறாய்.

அப்படியானால் ஆபத்து என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. உன் அக்கா மகனுக்கு ஆம்புலன்ஸ் வேண்டும், மற்றவன் மகனுக்குப் பை போதும். வருடத்துக்குப் பத்துப் பேர் என்றாயே, அந்தப் பத்துப் பேருக்கும் அம்மா உண்டு. அவர்கள் பிள்ளைகளை வைத்து நீ சூதாடிக்கொண்டிருந்தாய். ஒவ்வொரு வருடமும் ஜெயித்தாய். இந்த வருடம் உன் கையில் இருந்தது யார் என்று சீட்டைத் திருப்பிப் பார்க்கவில்லை.

நீ பெயர் கேட்காததற்குக் காரணம் மறதி இல்லை. பெயர் தெரிந்தால் ஏதாவது செய்தாக வேண்டியிருக்கும்.

நமக்கு வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறாய். பதினான்கு பையன்களின் வாயை மூட உங்கள் வீட்டில் என்ன சொன்னார்களோ அதையே நீ என்னிடம் சொல்கிறாய். நாம் ஒரு குடும்பம், வெளியே போகவேண்டாம். எனக்கு அந்த வீட்டில் சேர விருப்பமில்லை.

நீல் நேற்றுக் கப்பலிலிருந்து கூப்பிட்டான். சொன்னேன். “அவன் பல்லு எல்லாம் அவனோடதுதானே? எண்ணி வெச்சுக்கச் சொல்லு” என்றான். ஏரி சீக்கிரம் உறையட்டும் என்று முதல்முறையாக வேண்டிக்கொள்கிறான்.

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. யாரிடமும் கொடுக்கவும் இல்லை. விசாரணைக்கு டாசன் வருவான், சொல்வதைச் சொல்வான். புது வழக்கறிஞர் ஒருவரை அவன் அம்மா பிடித்திருக்கிறாள். இருபத்தைந்து வருடம் ஊருக்கு மாடு பார்த்த டாக்டரின் பேச்சுக்கு எதிராக, பாட்டில் கொடுத்த பையனின் பேச்சு. யாரை நம்புவார்கள் என்று உனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். தெரிந்தும் வருகிறான்.

நான் உன்னைப் பிடித்துக் கொடுத்தால் நீ பிடிபட்டவன், அவ்வளவுதான். எனக்கு அது போதாது. பிடிபட்டவர்கள் கடைசிவரை தங்களைத்தான் பாவம் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். நீயே எழுந்து நின்று உன் வாயால் சொல்லவேண்டும். எந்தப் பையன் என்று கேட்கவில்லை என்பதையும், வெஸ் என்றால் கூப்பிட்டிருப்பேன் என்பதையும் சேர்த்துச் சொல். மற்ற அம்மாக்கள் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்.

சொல்லாவிட்டால் எனக்குத் தம்பி இல்லை. மிரட்டலாக எடுத்துக்கொள்ளாதே. எனக்கு அவ்வளவுதான் முடியும்.

நோரின்


வெல்பர்ன்
ஜனவரி 20, 2019

நோரின்,

செய்தித்தாளில் பார்த்திருப்பாய். அதில் வராததை எழுதுகிறேன்.

மாணவர் மன்றக் கட்டடத்தில் நீள மேசை போட்டிருந்தார்கள். டீன் ஓல்ஸ்டட் என்ற அம்மாள்தான் கேள்வி கேட்டார். முதலில் டாசன். அவன் குரல் கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை. “கொஞ்சம் சத்தமா சொல்லுப்பா” என்றபோது முதலிலிருந்து திரும்பச் சொன்னான். எங்கள் வழக்கறிஞர் என் பக்கம் சாய்ந்து, “கூடாரம், அவ்வளவுதான். ஒரு நிமிஷத்துல முடிஞ்சுரும்” என்றார். நான் அதைச் சொல்லிவிடலாம் என்றுதான் எழுந்தேன். உன்னிடம் பொய் சொல்ல விரும்பவில்லை. நாற்காலியிலிருந்து எழும்வரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

“அந்த அழைப்பு எதைப் பத்தி டாக்டர்?”

டாசன் என்னைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் என்ன சொல்வேன் என்று அவன் முடிவு கட்டிவிட்டது தெரிந்தது.

“கூடாரம்னு போலீஸ்ல சொன்னேன். அது பொய்” என்றேன். மேசைக்கடியில் வழக்கறிஞர் என் காலை மிதித்தார். இன்னும் வலிக்கிறது.

மிச்சத்தையும் சொன்னேன். பை, பட்டை, ஆட்ட நாளில் ஆம்புலன்ஸ் வேண்டாம் என்றது.

“எந்தப் பையன்னு கேட்டீங்களா?”

“இல்ல.”

“கேட்டிருந்தா?”

“என் அக்கா பையன்னு தெரிஞ்சிருந்தா கூப்பிட்டிருப்பேன்.”

பின் வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். போன வசந்தத்தில் படியிலிருந்து விழுந்தானே, அந்தப் பையனின் அம்மா. “அப்ப என் பையன்னா?” என்று கேட்டாள். டீன் அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. “பதில் சொல்லுங்க டாக்டர். என் பையன்னா என்ன செய்வீங்க?” நான் நின்றுகொண்டிருந்தேன். என்னிடம் பதில் இருந்தது, அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதனால் யாரும் அதற்குமேல் கேட்கவில்லை.

வீட்டை மூடிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை பெயர்ப்பலகையை இறக்கினார்கள். டாசன் பாட்டில் கொடுத்ததை ஒப்புக்கொண்டான், அதற்கான தண்டனை அவனுக்கு உண்டு. மற்றது இப்போது என்மேல் வருகிறது. என் கால்நடை மருத்துவ உரிமம் பற்றியும் கடிதம் வந்திருக்கிறது. கூடாரத்தில் தோளைத் தட்டியவர் நேற்றுக் கடையில் என்னைப் பார்த்து, “ஒரு வீட்டையே காட்டிக்கொடுத்துட்டியேடா” என்றார். உருளைக்கிழங்கு வாங்காமலே வந்துவிட்டேன்.

நீ சொன்னபடி செய்துவிட்டேன் என்று சொல்ல இதை எழுதவில்லை. வெஸ்ஸைப் பார்க்க வேண்டும். அனுமதிப்பாயா?

கர்ட்டிஸ்


டுலூத்
ஜனவரி 27, 2019

கர்ட்டிஸ்,

நீ சொன்னாய் என்று செய்தித்தாளைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். சரி. அதற்கு நன்றி சொல்லமாட்டேன். அக்டோபரில் சொல்லியிருக்க வேண்டியது.

வெஸ்லி இப்போது வீட்டில் இருக்கிறான். சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறைவரை நடக்கிறான். வலது கை எழுத உதவாது. பேச்சு வந்துவிட்டது, ஆனால் ஒவ்வொரு சொல்லாக வருகிறது. ஒரு சொல்லுக்கும் அடுத்ததற்கும் நடுவில் நீ ஒரு காபி குடித்துவிடலாம். அன்றைய நாளின் எதுவும் அவனுக்கு நினைவில்லை. கல்லூரிக்கு எப்போது திரும்புவது என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

அவனிடம் சொல்லவேண்டாம் என்றான் நீல். நடந்தது அவனுக்கு, அதனால் அவனுக்குத் தெரியவேண்டும் என்றேன் நான். போன ஞாயிறு எல்லாவற்றையும் சொன்னோம். பாட்டில், பை, தொலைபேசி, நீ. அழுவான் என்று எதிர்பார்த்தேன். ஜன்னல் பக்கம் திரும்பி, வெகுநேரம் கழித்து “மாமா” என்றான். பிறகு “ஏன்” என்றான். அத்தோடு அன்று களைத்துவிட்டான். மறுநாள் காலையில் கஞ்சி ஊட்டும்போது விட்ட இடத்திலிருந்து தொடங்கினான். “வந்து.” கரண்டியைக் கீழே வைத்தேன். “பாக்கல.”

உன்னிடமே கேட்கவேண்டும் என்கிறான்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு கிளம்பாதே. எனக்கு இன்னும் உன் எழுத்தைப் பார்த்தாலே கை இறுகுகிறது. நீல் கப்பலிலிருந்து இறங்கிவிட்டான், வீட்டில்தான் இருப்பான். உன்னோடு பேசமாட்டான், கைவைக்கவும் மாட்டான். இதற்கு அவனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன், பாதி மனதோடுதான் செய்தான்.

சனிக்கிழமை மதியம் வா. மூன்று மணிக்குமேல் வெஸ்லியால் உட்கார முடியாது. பரிசு எதுவும் கொண்டுவராதே. கோட்டைக் கழற்றிவிட்டு அவன் எதிரில் உட்கார். அவன் கேட்கத் தொடங்குவான். நிறைய நேரம் ஆகும். நடுவில் ஒரு சொல் மாட்டிக்கொள்ளும், அவன் முகம் சிவக்கும், உதடு கோணும். உனக்கு அது தாங்காது, அந்தச் சொல்லை நீயே எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். கொடுக்காதே. இந்த வீட்டில் அவன் வாக்கியத்தை யாரும் முடித்துவைப்பதில்லை. அவன் முழுதாகக் கேட்டு முடிக்கும்வரை அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திரு.

பிறகு பதிலை அவனிடம் சொல். நான் சமையலறையில் இருப்பேன்.

நோரின்